புள்ளி வைத்த இடத்தில் மட்டும்தான் மீன் இருந்ததா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் டைனோசர் யுகத்தின் கடைசிக் கட்டமான கிரெட்டேசியஸ் காலக் கடல்களின் வேட்டை மீன்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். அந்தக் கடல்கள் என்றாலே ராட்சத ஊர்வனவற்றின் படத்தைப் போட்டு முடித்துவிடுகிற வழக்கத்துக்கு நடுவே, மீன்களுக்கு நான்கு பக்கம் கொடுத்ததில் உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் கூடவே போட்ட உலக வரைபடம்தான் உறுத்துகிறது. இன்றைய கண்டங்களின் மேல் சிவப்புப் புள்ளிகளை வைத்துவிட்டு, அவை இம்மீன்கள் வாழ்ந்த இடங்கள் என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். அவை இம்மீன்களின் புதைபடிவங்கள் கிடைத்த இடங்கள். வாழ்ந்த இடம் வேறு, கிடைத்த இடம் வேறு.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் புள்ளிகள் ஏன் அப்படிக் குவிந்து கிடக்கின்றன என்று பாருங்கள். ஆர்க்டிக்கிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை வட அமெரிக்காவை இரண்டாகப் பிளந்துகொண்டு அன்று ஒரு கடல் கிடந்தது. அதன் அடியில் படிந்த சுண்ணாம்புச் சேறு இன்று பாறையாகி, மழையிலும் காற்றிலும் அரிக்கப்பட்டு வெளியே தெரிகிறது, அதில் 150 வருடங்களாக ஆட்கள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். 1952-ல் புதைபடிவ வேட்டைக்காரர் ஜார்ஜ் ஸ்டெர்ன்பர்க் அங்கே எடுத்த ஜிஃபாக்டினஸ் என்ற மீன் இப்போது ஹேஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 4 மீட்டருக்கு மேல் நீளமான மீன், அதன் விலா எலும்புகளுக்குள்ளே ஏறக்குறைய 1.8 மீட்டரில் கிலிகஸ் என்ற இன்னொரு மீன் முழுசாக! உள்ளே போன மீன் செரிக்கவே ஆரம்பிக்கவில்லை, அப்படியென்றால் விழுங்கிய கொஞ்ச நேரத்திலேயே அந்தப் பெரிய மீனும் செத்திருக்க வேண்டும். இவ்வளவு முழுமையாகக் கிடைப்பதற்கு அந்தச் சேறும் அந்தத் தேடலும் காரணம். அதே ஜிஃபாக்டினஸ் வெனிசுவேலாவிலும் தென் அமெரிக்காவின் தென்கோடியான படகோனியாவிலும் கூடக் கிடைத்திருக்கிறது, அங்கே புள்ளி குறைவு என்பதற்காக மீனும் குறைவாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது.

எங்கோடஸ் என்ற இன்னொரு வேட்டை மீனின் கதை இதற்கு நேர்மாறு. கன்சாஸ், இங்கிலாந்து, லெபனான், மொராக்கோவின் பாஸ்பேட் சுரங்கங்கள் என்று எங்கே பார்த்தாலும் அதுதான். ஒரு தடவை அதன் துண்டு ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன்: கட்டை விரல் அளவுக்கு ஒரு தடித்த எலும்பு, அதன் முனையிலிருந்து லேசாக வளைந்து நீளும் ஒரே ஒரு கோரைப்பல், வழவழவென்று. அது தாடை எலும்பே இல்லை, அண்ணத்தின் எலும்பு. மீனின் மற்ற மெல்லிய எலும்புகள் நொறுங்கிப் போனாலும் அது மட்டும் கெட்டியாக நின்றுவிடுகிறது, அதனால்தான் இவ்வளவு புள்ளிகள். (அப்புறம், கட்டுரையில் அதை ஹெர்ரிங் மீனின் உறவு என்று எழுதியிருந்தீர்கள். "வாள்பல் ஹெர்ரிங்" என்பது வெறும் பட்டப்பெயர்தான், ஹெர்ரிங்குக்கும் அதற்கும் நெருங்கிய உறவு எதுவும் இல்லை.) சுறாக்களும் இப்படித்தான். ஸ்குவாலிகோராக்ஸ் என்ற சுறா உலகம் முழுக்க இருந்தது நமக்குத் தெரிகிறது என்றால், ஒரு சுறா தன் ஆயுளில் ஆயிரக்கணக்கில் பற்களை உதிர்த்துவிட்டுப் போவதால்தான். உடம்பு குருத்தெலும்பு, அது பெரும்பாலும் மட்கிப் போய்விடும்.

சரி, இந்த மீன்கள் ஏன் இவ்வளவு பரவின? அந்தக் கேள்விக்கும் இன்றைய வரைபடத்தில் பதில் கிடைக்காது. கடல்மட்டம் இன்றைவிட மிக உயரம், கண்டங்களின் தாழ்ந்த பகுதிகளுக்குள்ளேயே ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல்கள் புகுந்திருந்தன, இன்று மறைந்துவிட்ட டெத்திஸ் கடல் கிழக்கிலிருந்து மேற்கே கரீபியன் பக்கம் வரை வழி விட்டது, அட்லாண்டிக் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தது. கிளாடோசைக்ளஸ் என்ற மீன் பிரேசிலிலும் மொராக்கோவிலும் கிடைப்பதைப் பார்த்து இன்றைய வரைபடத்தில் நடுவே ஒரு பெருங்கடலைக் காட்டினால், படிக்கிற பிள்ளைகள் மலைத்துத்தான் போவார்கள். அன்றைய கரைகளை வரைந்து காட்டினால் அந்தத் தூரம் எவ்வளவு சுருங்குகிறது என்று அவர்களே பார்த்துவிடுவார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் அதே புள்ளிகளை, சுமார் 9 கோடி வருடங்களுக்கு முந்தைய கடற்கரைகள் வரைந்த வரைபடத்தின் மேல் வைத்து, "கிடைத்த இடங்கள்" என்ற தலைப்போடு மறுபடி போடுங்கள். அரைப் பக்கம் போதும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்