கழன்று விழுந்த செருப்பு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ போனில் அனுப்பிய ஸ்கேன் ரிப்போர்ட்டை அம்மாவும் நானும் பார்த்தோம். முதுகெலும்பின் அடியில், எல்5-எஸ்1 என்கிற கணுக்களுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு (டிஸ்க்) பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று போட்டிருக்கிறது. "பிசியோவுக்கு ஆறு வாரம் அலைய லீவு இல்லப்பா, பேசாம ஆபரேஷன் பண்ணிக்கிறேன்" என்று நீ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. போனில் பேசினால் குரல் கம்மிவிடுகிறது, அதனால் எழுதுகிறேன்.

2011-ல் எனக்கு வந்ததும் இதேதான், ஒரு கணு மேலே, எல்4-எல்5. இருபது வருஷம் பஸ் ஓட்டிய இடுப்பு. புட்டத்தில் தொடங்கி இடது கால் கட்டைவிரல் வரை சுண்டி இழுக்கும். தும்மினால் உயிர் போய் வரும். பிசியோதெரபிஸ்ட் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கச் சொன்னார். நாலாம் நாள் பாதத்து வலி கெண்டைக்காலுக்கு ஏறியது, அப்புறம் தொடைக்கு. இடுப்பில் வலி கூடிவிட்டதே என்று பயந்தேன். "கால்வலி மேலே ஏறி இடுப்பில் ஒடுங்கினா நல்லது. கீழே இறங்கினாத்தான் உடனே நிறுத்தணும்" என்றார். உன் பிசியோவிடம் இதைக் கேட்டுக்கொள்.

கெடுத்தது நான்தான். வலி குறைந்ததும் பயிற்சியை விட்டுவிட்டு டியூட்டிக்குப் போனேன். இரண்டு மாதத்தில் வலி திரும்பியது. ஒரு நாள் டிப்போவில் நடக்கும்போது இடது செருப்பு கழன்று விழுந்திருக்கிறது, பத்தடி தாண்டித்தான் எனக்குத் தெரிந்தது. பாதம் மேலே தூக்கவில்லை, நரம்பு பலம் இழந்திருந்தது. வலி மட்டுப்பட்டிருந்ததால் குணமாகிறது என்று நினைத்து மூன்று வாரம் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. கடைசியில் சின்னக் கீறல் போட்டு, மைக்ரோஸ்கோப் வைத்து, நரம்பின்மேல் கிடந்த துண்டை மட்டும் எடுத்தார்கள். மறுநாளே நடந்தேன், கால்வலி போயே போய்விட்டது. ஆனால் கட்டைவிரல் இன்றைக்கும் முழுசாகத் தூக்காது. அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

அதனால் ஆபரேஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லீவுக்காக வேண்டாம் என்கிறேன். கத்தி வைத்தாலும் சில வாரம் குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, பயிற்சியும் செய்யத்தான் வேண்டும். நெதர்லாந்தில் இப்படிக் கால்வலி வந்த 283 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்து 2007-ல் எழுதியிருக்கிறார்கள். சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி வேகமாகப் போனது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். பொறுத்துப் பார்த்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு அந்த வருஷத்துக்குள் ஆபரேஷன் செய்யவேண்டி வந்தது. மற்றவர்களில் பெரும்பாலோர் கத்தி படாமலே தேறினார்கள். பிதுங்கிய ஜவ்வு பல பேருக்குத் தானாகவே சுருங்கும், பாப்பா.

ஆனால் ஒன்று. ஒன்றுக்குப் போவது தடைபட்டாலோ, தெரியாமல் போனாலோ, உட்காருமிடம் மரத்துப்போனாலோ, விடியட்டும் என்று இருக்காதே. அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போ. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சப்படாதே. அது ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாத ஆபரேஷன்.

உனக்கு வலி சுண்டுவிரல் பக்கம் போகிறது என்றாய். அந்த நரம்பு பலமாக இருக்கிறதா என்பதற்குக் கெண்டைக்கால்தான் சாட்சி. தினமும் காலையில் சுவரைப் பிடித்து, வலிக்கிற அந்த ஒரு காலில் நுனிப்பாதம் ஊன்றி எழும்பிப் பார். முதல் நாள் பத்து முறை முடிந்தது மறுநாள் நாலில் நின்றால் உடனே டாக்டரைப் பார், எனக்கும் போன் பண்ணு. மற்ற காலோடு ஒப்பிட்டுக் காலண்டரில் எழுதி வை.

வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலில் கிளம்புகிறேன். சனிக்கிழமை காலை நீ எழும்புவதை நானே எண்ணுகிறேன். அம்மா கோரைப்பாய் கொடுத்துவிடுகிறாள், மெத்தையில் படுத்துப் பயிற்சி செய்யாதே.

அன்புடன்,
அப்பா