எந்தக் கணக்கில் நாங்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மார்ச் 8 ஆம் திகதி எங்கள் அலுவலகத்தில் மகளிர் தினக் கூட்டம் வைத்தார்கள். அரச சேவையில் பெண்கள் எவ்வளவு முன்னேறிவிட்டார்கள் என்று ஒருவர் பேசினார். பொய்யில்லை. மண்டபத்தில் பாதிக்கு மேல் பெண்கள்தான். ஆனால் அத்தனை பேரில் மலையகத் தமிழ்ப் பெண்கள் இரண்டே பேர்: நானும், கூட்டம் முடிந்ததும் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிய அக்காவும்.

2020 இல் பட்டதாரிப் பயிலுநராக மாதம் 20,000 ரூபாய்க்குச் சேர்ந்து, இப்போது அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். பதவி அதுதான், பார்ப்பது பாதி நாள் மொழிபெயர்ப்பு. பிறப்புச் சான்றிதழில் பெயர்ப் பிழை என்று தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்தால், அது எந்தக் கிளை வேலையானாலும் ‘மிஸ், கொஞ்சம் வாங்க’ என்று எனக்குத்தான் அழைப்பு. அன்றைய பேரை, அதாவது நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு வந்திருப்பார். நான் லீவு என்றால் இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். 2007 ஜூலைக்குப் பின் சேர்ந்தவர்கள் ஐந்து வருடத்துக்குள் இரண்டாம் மொழியில் (சிங்களவர் என்றால் தமிழில்) தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை இருக்கிறது. தேர்ச்சிச் சான்றிதழ்களும் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன.

ஒருமுறை நான் இல்லாத நாளில், புருஷன் அடித்ததைச் சொல்ல ஒரு பிள்ளை வந்திருக்கிறாள். தமிழ் தெரியும் என்று டிரைவர் அண்ணாவை அழைத்து நிறுத்தியிருக்கிறார்கள். அவர் நல்ல மனிதர்தான். ஆனாலும் அந்தப் பிள்ளை சமுர்த்தி நிவாரணம் பற்றி ஏதோ கேட்டுவிட்டுப் போய்விட்டாளாம்.

என் அம்மாயி 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானவர். அரச வேலைக்கு விண்ணப்பிக்கும் பேச்சே அவர் காலத்தில் இல்லை. சரி, அது பழைய கதை. 2012 தொகைமதிப்பில் எங்களில் ‘இந்தியத் தமிழர்’ என்று பதிவானவர்கள் மட்டும் 8 லட்சத்துக்கு மேல். இன்று எங்கள் பிள்ளைகள் பட்டம் பெறுகிறார்கள். ஆனால் தாதியர் பயிற்சிக்கு உயர்தர விஞ்ஞானப் பிரிவு வேண்டும், அது இருக்கும் தமிழ்ப் பாடசாலைக்கு எத்தனை தோட்டத்துப் பிள்ளைகளால் போக முடியும்?

மேடையில் பெண்கள் இத்தனை வீதம், தமிழர் இத்தனை வீதம் என்று தனித்தனியாகத்தான் சொல்கிறார்கள். ஒவ்வொரு மாவட்டச் செயலகமும் இனம், பால், தரம் மூன்றையும் சேர்த்து ஒரே அட்டவணையாக வெளியிடட்டும். முஸ்லிம் பெண்களுக்கும் வடக்கு, கிழக்குப் பெண்களுக்கும் அது வேண்டும். கோப்பை கழுவும் அக்காவையும் அதில் சேர்க்கட்டும், பக்கத்தில் அவர் செய்யும் வேலையையும் எழுதி.

அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர்,
நுவரெலியா மாவட்டம்
(பெயர் வேண்டாம்)