மாடு வாங்கும் முன் சுவரைப் பார்

சேகரா,

கலப்பின மாடு மூன்று வாங்கப்போவதாக எழுதியிருந்தாய். போனில் பேசினால் திட்டிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

போன சித்திரையில் சந்தையில் ஒரு ஜெர்சிக் கலப்பின மாட்டைக் கன்றோடு பிடித்துவந்தேன். மூன்றாம் வாரம் தீவனத்தைத் தொடவில்லை, காய்ச்சல் 106, பால் பாதியாகிவிட்டது. செரிமானக் கோளாறு என்று நானே முடிவுகட்டி இரண்டு நாள் கைவைத்தியம் பார்த்தேன், புத்தி! டாக்டர் வந்ததும் தோள்பட்டைக்கு முன்னால் கைவைத்துப் பார்த்தார், எலுமிச்சை அளவுக்கு நெறி கட்டியிருந்தது. தைலேரியா, உண்ணி பரப்பும் ரத்தக் கிருமி நோய். ரத்தத்தைக் கண்ணாடியில் பூசிப் பார்த்த ரத்தப் பூச்சிலும் அதுதான் தெரிந்தது. புபார்வாகுவோன் ஊசி போட்டார், ஆனால் அதை ஆரம்பத்திலேயே போட்டிருக்க வேண்டும். நான்காம் நாள் மாடு போய்விட்டது.

சந்தைக்காரன் நோய்மாட்டைத் தலையில் கட்டிவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். டாக்டர்தான் என் காங்கேயம் பசுவைக் காட்டி, இதற்கும் சோதித்தீர்களா என்று கேட்டார். அதற்கு என்ன, கல் மாதிரி நிற்கிறதே! ரத்தப் பூச்சில் ஒன்றும் தெரியவில்லை, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை செய்தபோது அதே கிருமி இருந்தது. நாட்டுமாடு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், ஒருமுறை வந்து தேறிய மாடு வெளியில் ஒன்றும் காட்டாமல் கிருமியை வைத்திருக்கும், அதைக் கடித்த உண்ணிதான் அடுத்த மாட்டுக்குக் கொண்டுபோகும். சந்தையிலிருந்து வந்ததா, என் கொட்டகையிலேயே பிடித்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது, ஆனால் சந்தைக்காரனைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

இனி உன் கொட்டகை விஷயத்துக்கு வருகிறேன். தாத்தா கட்டிய அந்தக் கருங்கல் சுவர் முழுக்க இடுக்குதானே? தைலேரியாவைப் பரப்பும் ஹயலோமா உண்ணி மாட்டிலேயே கிடக்காது. குட்டியாக ரத்தம் குடித்துவிட்டு விழுந்து, சுவர் வெடிப்பில் தோலுரித்து, பெரிதாகி மறுபடி ஏறும். மாட்டுக்கு மட்டும் மருந்து தெளித்தால் பாதி வேலைதான். சுவரை முதலில் சிமெண்ட் வைத்துப் பூசு. தடுப்பூசியும் இருக்கிறது, சினைமாடாக இருந்தால் போடலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள். அப்புறம், ஒரே ஊசியை நான்கு மாட்டுக்குப் போட விடாதே, அனப்ளாஸ்மா என்ற இன்னொரு ரத்தக் கிருமி அந்த வழியிலும் பரவும், அதற்கு உண்ணிகூட வேண்டாம்.

செத்த மாட்டின் கன்று பிழைத்துக்கொண்டது. காங்கேயம் முதலில் உதைத்தது, இப்போது பால் கொடுக்கிறது.

சுவரைப் போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துவிட்டுத் திட்டுகிறேன்.

உன்,
ரங்கன்