சாம் ஹூஸ்டன்: 18 நிமிடங்களுக்குப் பிறகு

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த சாம் ஹூஸ்டன் கட்டுரை, மெக்சிகோவிடமிருந்து டெக்சஸ் விடுதலை பெற அவர் படை நடத்திய சான் ஜசிந்தோ போரை விறுவிறுப்பாகச் சொல்கிறது. 1836 ஏப்ரல் 21 அன்று 18 நிமிடங்களில் மெக்சிகோ படை சிதறியதும், மறுநாள் மெக்சிகோ படைத்தலைவர் சாந்தா அன்னா சாதாரணச் சிப்பாய் உடையில் பிடிபட்டதும் எத்தனை முறை படித்தாலும் அலுக்காத கதைதான். ஆனால் டெக்சஸ் குடியரசின் தலைவரானார், ஒரு நகருக்குப் பெயரானார் என்று அங்கேயே முடித்துவிட்டீர்களே! அதன் பிறகும் அவர் 27 ஆண்டுகள் வாழ்ந்தார்.

என் கணக்கில் அவருடைய பெரிய நாள் 1861 மார்ச் 16. அதற்குள் அமெரிக்க ஒன்றியத்தில் ஒரு மாநிலமாகிவிட்டிருந்த டெக்சஸ், அதை விட்டுப் பிரிய மக்களே வாக்களித்தாயிற்று. அடிமை முறையைக் காக்கப் பிரிந்த மாநிலங்களின் புதிய தென்மாநிலக் கூட்டமைப்புக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க, டெக்சஸ் ஆளுநராக இருந்த ஹூஸ்டனை அழைக்கிறார்கள். மூன்று முறை பெயர் கூப்பிட்டார்களாம். 68 வயதுக் கிழவர் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து கத்தியால் மரத்துண்டைச் செதுக்கிக்கொண்டிருந்தாராம். செதுக்கிய கதை எவ்வளவு மெய்யோ, பிரமாணம் எடுக்காததும் அதனால் பதவி போனதும் மெய். பதவியில் நீடிக்கப் படை அனுப்புவதாக அமெரிக்க அதிபர் லிங்கன் சொன்னதையும் மறுத்துவிட்டார். தன் நாற்காலிக்காகச் சொந்த ஊரில் ரத்தம் சிந்த வேண்டாம் என்ற நினைப்பு.

செரோக்கி என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களுக்கு நீங்கள் ஒதுக்கிய இரண்டு வரியும் போதாது. சிறுவயதில் வீட்டை விட்டு ஓடிப் போய் அவர்களிடம் வளர்ந்தவர். 1829இல் மணவாழ்வு முறிந்து டென்னசி ஆளுநர் பதவியைத் துறந்தபோதும் அங்கேதான் போனார். 1836இல் அவர்களுக்கு நிலம் உறுதிசெய்து ஒப்பந்தமும் போட்டார். டெக்சஸ் செனட் அதை ஏற்கவில்லை. அடுத்து வந்த தலைவர் லமார் 1839இல் படை அனுப்பி அவர்களை விரட்டினார்.

போகட்டும், இடப் பற்றாக்குறை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஹூஸ்டனை 'அடிமை முறையின் எதிரி' என்று எழுதியிருப்பதை விட முடியவில்லை. 1854இல், புதிய நிலப்பகுதிகளில் அடிமை முறை பரவ வழிவிட்ட கான்சஸ்–நெப்ராஸ்கா சட்டத்துக்கு எதிராக அவர் வாக்களித்தது உண்மை. ஒன்றியம் உடைந்துவிடுமே என்பதுதான் அவர் கவலை. அவர் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்கள். கட்டுரை நூலாக வருவதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்த வரியையாவது திருத்தச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்.