தண்ணீர் விடுவதற்கு முன்

லாஸ்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. தேவனாம்பட்டினம் பக்கம் வீடு எழும்புவதில் ரொம்ப சந்தோஷம். என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. பின்பக்கம் நீச்சல்குளம் வெட்டுவதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது.

போன மாதம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் காதுகுத்து. குளத்தைச் சுற்றி நாற்காலி போட்டு இருபது பேர் பேசிக்கொண்டிருந்தோம். தண்ணீரில் யாரோ விட்டுப்போன மஞ்சள் ரப்பர் வாத்து. என் தம்பி பேத்தி, மூன்று வயசு, அதை எட்டி எடுக்கப் போயிருக்கிறாள். சத்தமே இல்லை செல்வம். கத்தவில்லை, கைகால் அடிக்கவில்லை. பந்தி பரிமாறிய பையன் ரசவாளியைப் போட்டுவிட்டுக் குதித்த பிறகுதான் நாங்கள் திரும்பினோம். பிள்ளை பிழைத்துவிட்டாள். பட்டுப்பாவாடையில் தண்ணீர் சொட்டச் சொட்ட என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு நின்று நாலைந்து நிமிடம் போனாலே மூளை போய்விடும்.

அதனால் நாலு பக்கமும் நாலடிக்குக் குறையாமல் வேலி போடு. வீட்டுச் சுவரை ஒரு பக்கமாகக் கணக்கில் எடுக்காதே. சமையலறைக் கதவு திறந்தால் குழந்தை நேரே குளத்தில்தான். வேலிக் கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும், தாழ்ப்பாள் பிள்ளைகளுக்கு எட்டக் கூடாது. அப்புறம், மேஸ்திரி பளபள டைல்ஸ் காட்டினால் வேண்டாம் என்று சொல். ஆழத்தை விளிம்பில் அடிக்கணக்கில் எழுது. ஆழமில்லாத பக்கம் தலைகீழாகப் பாய்ந்து கழுத்தெலும்பு முறிந்தால் ஆயுசுக்கும் படுக்கைதான். மோட்டாருக்கும் விளக்குக்கும் ஆர்சிசிபி, அதுதான் கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச், அது இல்லாமல் கரண்ட் கொடுக்காதே. குளோரினையும் ஆசிட்டையும் ஒரே அறையில் வைக்காதே, கலந்தால் விஷவாயு.

சனி, ஞாயிறு வாடகைக்கு விடப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். வக்கீலாக இருக்கும் என் மச்சானிடம் கேட்டேன். அலட்சியத்தால் உயிர் போனால், புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவில் 5 வருடம் வரை சிறை. பழைய சட்டத்தில் 2 வருடம்தான். நஷ்டஈட்டு வழக்கு தனி. காசு வாங்கித் தங்க வைத்தால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாமாம். 'அவரவர் பொறுப்பில் குளிக்கவும்' என்று போர்டு மாட்டிவிட்டால் மட்டும் தப்பிக்க முடியாது என்றான்.

எனக்குச் சட்டத்தைவிட அந்த மஞ்சள் வாத்துதான் பயம். தண்ணீர் விடும் தேதியை எழுது. முதல் நாளே பஸ் ஏறி வந்து, வேலிக் கதவு தானாகச் சாத்துகிறதா என்று நானே ஆட்டிப் பார்க்க வேண்டும்.

உன்,
ராமலிங்கம்