அரை மணி நேரம் கழித்து வரும் நோயை எங்கே பதிவது?

தடுப்பூசிப் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

2021இல் கோவிட் தடுப்பூசியின் இரண்டாம் தவணை போட்ட சில வாரங்களில் எனக்கு முடக்குவாதம் என்ற மூட்டு நோய் தொடங்கியது. அதைப் பதிவு செய்யுங்கள் என்று போய்க் கேட்டால், "அரை மணி நேரம் உட்கார வைத்துத்தானே அனுப்பினோம், ஒன்றும் ஆகலையே?" என்றார்கள். போன மாதம் மறுபடி கேட்டேன். அதே பதில்.

நான் பிளவுஸ் தைப்பவள். காலையில் விரல் மடங்காது. வெந்நீரில் கையை ஊறவைத்து, பத்து மணி வாக்கில்தான் கத்தரிக்கோல் வளையத்துக்குள் கட்டைவிரல் நுழையும். கொக்கி தைக்கிற வேலையை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டேன். அதற்கான கூலியும் அவருக்குத்தான். வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, அதற்கு மறுநாள் முழுக்கக் குமட்டல்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்கிறார் மருத்துவர். இருக்கலாம். கோடிக்கணக்கானோர் ஊசி போட்டால், எப்படியும் வரவிருந்த மூட்டுவாதம் சிலருக்கு அந்த மாதமே வரத்தான் செய்யும். கோவிட் தொற்றுக்குப் பிறகும் இப்படி வருவதுண்டு. ஊசி வேண்டாம் என்பவள் அல்ல நான், மகளுக்கும் போட்டிருக்கிறேன். ஆனால் எத்தனை பழம் விழுந்தது என்று எண்ணாமல் காக்கையைத் திட்டவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது.

1976இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சல் ஊசிக்குப் பின் சுமார் லட்சத்தில் ஒருவருக்குக் கூடுதலாக கியான் பாரே நரம்பு நோய் வந்தது. 2010இல் பின்லாந்திலும் சுவீடனிலும் பாண்டெம்ரிக்ஸ் என்ற பன்றிக் காய்ச்சல் ஊசி போட்ட பிள்ளைகள் சிலருக்கு நார்கோலெப்சி என்ற தூக்க நோய் வந்தது. எண்ணியதால்தான் இதெல்லாம் தெரிந்தது. எதுவும் அரை மணியில் வந்ததல்ல.

ஊசிதான் காரணம் என்று நிரூபித்த பிறகே பதிய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை சொல்லவில்லை. ஊசிக்குப் பிறகு வந்தது என்றாலே போதும். தற்செயல் என்று தீர்ப்பெழுதவும் உங்கள் மதிப்பீட்டு முறையில் தனிப் பிரிவு இருக்கிறதே! தனிநபர்களும் தனியார் மருத்துவர்களும் நேரடியாகப் புகார் பதிய வசதி வேண்டும், தனிநபர் விவரம் வெளியாகாமல் அந்தப் பதிவுகளை மக்கள் பார்க்க வேண்டும் என்று 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. உங்களுக்குத் தெரியாததல்ல.

ஊசி போட்டவுடன் பிரதமர் படம் போட்ட சான்றிதழ் செல்பேசிக்கே வந்தது. அந்தச் சுறுசுறுப்பில் கால்வாசி இதற்கும் காட்டக் கூடாதா? சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நஷ்டஈடு கேட்கவில்லை. பதிவு செய்யுங்கள் என்கிறேன். வாரங்கள் கழித்து வருவதையும் பதியுங்கள். மூட்டு மருத்துவர்களிடமும் பதிவுப் படிவத்தைக் கொடுத்து வையுங்கள். விசாரித்து, ஆம், இல்லை, தெரியவில்லை, இதில் எதுவானாலும் எழுத்தில் தாருங்கள். தபாலில் அனுப்பினாலும் போதும்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி