டாக்டர், கண் சொட்டு மருந்து பாட்டிலை நோயாளி கையில குடுத்து ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லுங்க

சென்னையில கண் பாக்குற எல்லா டாக்டருங்களுக்கும், பக்கத்து ரூம்ல கண் ப்ரஷர் செக் பண்ற தம்பி தங்கச்சிங்களுக்கும் வணக்கம்.

எங்க அப்பாவுக்கு 71 வயசு. எம்டிசில கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, பாதி சர்வீஸ் 29சி பஸ்லயே போச்சு, பெரம்பூர்லேர்ந்து பெசன்ட் நகர் வரைக்கும் அந்த நெரிசல்ல நின்னுக்கிட்டே போயி ஒத்தை ரூபா கணக்கு தப்பாம கட்டுவாரு. அவருக்கு நாலு வருஷம் முன்னாடி க்ளாக்கோமான்னு சொன்னாங்க, கண் நரம்பு கெட்டு பார்வை கொஞ்சம் கொஞ்சமா போற நோய், கண்ணுக்குள்ள இருக்குற ப்ரஷரை இறக்கித்தான் அதை நிறுத்தணும். தினம் ராத்திரி ரெண்டு கண்ணுலயும் ஒவ்வொரு சொட்டு, அவ்வளவுதான்னு லாடனோப்ரோஸ்ட் எழுதிக் குடுத்தாங்க, நாங்களும் அவ்வளவுதானேன்னு வந்துட்டோம்.

மூணு மாசத்துக்கு ஒரு செக்கப், ஒவ்வொரு தடவையும் ப்ரஷர் 16, 17. "மருந்து நல்லா கேக்குது"ம்பாங்க. ஆனா சுத்தி எவ்வளவு தெரியுதுன்னு பாக்குற அந்த பட்டன் அமுக்குற ஃபீல்டு டெஸ்ட் இருக்கே, அதோட பேப்பர்ல மட்டும் பார்வை போன இடத்தைக் காட்டுற கறுப்பு ஏறிக்கிட்டே வந்துச்சு. உடனே, இவருக்கு 17 பத்தாது, இன்னும் இறக்கணும்னு டிமோலால்னு இன்னொரு சொட்டு மருந்தும் சேத்தாங்க. அப்பாவுக்கு வீசிங் உண்டு, அதை அங்க யாரும் கேக்கல, எங்களுக்கும் கண்ணு மருந்துக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்னு சொல்லத் தோணல. மூணாம் நாள் மாடிப்படி ஏற முடியாம பாதியில உக்காந்துட்டாரு. கண்ணுல விடறது மூக்கு வழியா இறங்கி ரத்தத்துல கலக்கும், ஆஸ்துமாக்காரங்களுக்கு டிமோலால் ஆகாது, சொட்டு விட்டதும் மூக்கோரத்துல கண் முனையை ரெண்டு நிமிஷம் அமுக்கிப் புடிச்சா உள்ள போறது குறையும், இதெல்லாம் அப்புறம்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது.

அப்புறம் வேற ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க ஒரு சின்னப் பொண்ணு, டாக்டர் கூட இல்ல, "ஐயா, பாட்டில் கொண்டாந்திருக்கீங்களா, எப்படி விடறீங்கன்னு காட்டுங்க"ன்னுச்சு. அப்பாவுக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம், தலை பின்னாடி சாயாது. மொத சொட்டு கன்னத்துல, ரெண்டாவது புருவத்துல. மூணாவதுக்கு பாட்டில் மூக்கை இமையிலயே ஒட்டி வெச்சு அமுக்குனாரு, உள்ள போன சொட்டையும் கண்ணை இறுக்கி மூடிப் பிதுக்கி வெளிய தள்ளிட்டாரு. அந்தப் பொண்ணு சிரிக்கல. "போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சுங்க?"ன்னு கேட்டுச்சு. அப்பா என்னையப் பாத்துட்டு மெதுவா, "செக்கப்புக்கு நாலு நாள் முன்னாடி ஆரம்பிப்பேம்மா"ன்னாரு.

அந்த 16, 17 எங்கேர்ந்து வந்துச்சுன்னு இப்ப தெரியுதா டாக்டர்?

ஆட்டோல வரும்போது கத்திட்டேன், அது வேற கதை. ஆனா உக்காந்து கணக்குப் போட்டா அவரு மேல மட்டும் தப்பு சொல்ல முடியல. பாட்டில் ரெண்டரை எம்எல், அதுல ஒரு 80 சொட்டு வரும்னு வெச்சுக்குங்க. ரெண்டு கண்ணுக்கு மாசம் 60 போதும். ஒண்ணு உள்ள போக ஒண்ணு கன்னத்துல போனா 20ஆம் தேதியே காலி. பென்ஷன் ஒண்ணாம் தேதிதான், என்கிட்ட கேக்க ரோஷம், அப்ப பத்து நாள் சும்மாதான் இருந்திருக்காரு. சும்மா இருந்தப்போ கண்ணு வலிக்கல, மங்கல, சிவப்பு கூட போயிடுச்சு! பிபி மாத்திரைய விட்டா தலை சுத்துதுன்னாவது சொல்லுவாரு. இது போட்டாதான் எரியுது, சிவக்குது, விட்டா நல்லாருக்கு, அப்புறம் எந்த மனுஷன் போடுவான்? போட்டா பார்வை அதிகமாகாது, இருக்குறது போகாம நிக்கும், போனது திரும்பாதுன்னு மொத நாளே ஒருத்தர் உக்கார வெச்சு சொல்லியிருந்தா வேற மாதிரி ஆயிருக்கும்.

இன்னொண்ணு, அவரோட பாட்டில் லேபிள்ல பிரிச்சப்புறம் 25 டிகிரிக்குள்ள வைங்கன்னு போட்டிருக்கு. சென்னையில 25 டிகிரி மார்கழி விடிகாலையில வரும், மத்த நாளெல்லாம் அது டிவி மேலதான் வெந்துக்கிட்டு கெடந்துச்சு.

நம்ம ஊர்லயே சென்னை க்ளாக்கோமா ஸ்டடின்னு நடத்துனாங்களே, அதுல சிட்டியில கண்டுபிடிச்ச ஓபன் ஆங்கிள்ங்கிற க்ளாக்கோமா வகை கேஸ்ல நூத்துக்கு 90 பேருக்கு மேல தனக்கு அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாதவங்க. அதையெல்லாம் தாண்டி உங்க வாசலுக்கு வந்து சேர்றவங்களே கொஞ்ச பேரு, அவங்களையும் ஒரு சின்ன பாட்டில்ல கோட்டை விடறோம்.

ஓபில ஒரு ஆளுக்கு எத்தனை நிமிஷம் கெடைக்குதுன்னு டோக்கன் வாங்கி உக்காந்திருக்குற எங்களுக்கும் தெரியும். இது ரெண்டு நிமிஷ வேலை. "மருந்து போடறீங்களா"ன்னு கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க, கண்டக்டர்கிட்ட டிக்கெட் எடுத்துட்டேன்னு சொல்ற மாதிரி. அதனால எத்தனை நாள் விட்டுப்போச்சுன்னு கேளுங்க, திட்டாம கேளுங்க. மருந்து கேக்கலன்னு ரெண்டாவது பாட்டில் எழுதறதுக்கு முன்னாடி மொத பாட்டிலை எப்படி விடறாங்கன்னு பாருங்க. கை நடுங்குறவங்க, தனியா இருக்குறவங்களுக்கு கண் ப்ரஷரை இறக்குற எஸ்எல்டி லேசர் ஒத்து வருமான்னு ஆரம்பத்துலயே பேசுங்க, 2019ல லான்செட் மருத்துவப் பத்திரிகையில வந்த லைட்ங்கிற ஆய்வுல லேசர்ல ஆரம்பிச்சவங்கள்ல கிட்டத்தட்ட நாலுல மூணு பேர் மூணு வருஷம் கழிச்சும் சொட்டு மருந்தே இல்லாம இருந்தாங்களே. சுகாதாரத் துறையில யாராவது இதைப் படிச்சீங்கன்னா, மக்களைத் தேடி மருத்துவத்துல பிபி, சுகர் மாத்திரை கொண்டு வர்ற அக்கா பையில இந்த பாட்டிலும் இருந்தா எங்க தெருவுலயே ரெண்டு பேருக்கு உதவும்.

அப்பா இப்போ படுத்துக்கிட்டே போட்டுக்கறாரு, கீழ் இமைய இழுத்துப் புடிச்சு, பத்து மணி சீரியல் முடிஞ்சதும். காலண்டர்ல டிக் வேற, பழைய கண்டக்டர் புத்தி. வர்ற மாசம் செக்கப் இருக்கு, பாட்டிலை எடுத்துட்டுத்தான் வர்றோம். கேட்டீங்கன்னா போட்டுக் காட்டுவாரு, ஆனா படுக்க ஒரு பெஞ்சு வேணும்.